குளிர்ந்த ஒளியும் வெப்பத்தின் விதியும்



திருவிழாக் கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் ஒருவகை ஒளிக்குச்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைக்காரர் அதை ‘குளோ ஸ்டிக்’ என்பார். அது விரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அதைச் சற்று வளைத்தால் உள்ளே ‘டிக்’ என்ற ஓசையுடன் ஏதோ முறியும். பிறகு குலுக்கினால் குழாய் முழுவதும் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிரத் தொடங்கும். அதில் மின்கலம் இல்லை, திரி இல்லை, நெருப்பு இல்லை. கையால் பிடித்தால் சுடுவதும் இல்லை. ஆகவே இதனைக் ‘குளிர்ந்த ஒளி’ என்று அறிஞர் கூறுவர்.

இத்தகைய குச்சிகள் மூன்றினை ஒரே நேரத்தில் ஒளிரச் செய்யுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி மிதக்கும் நீரிலும், மற்றொன்றைச் சாதாரண நீரிலும், மூன்றாவதைக் கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரிலும் இட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெந்நீரில் உள்ளது பளிச்சென்று ஒளிரும். பனிநீரில் உள்ளது மங்கித் தோன்றும். ஆனால் சில மணி நேரம் சென்று மீண்டும் வந்து பார்த்தால் நிலைமை மாறியிருக்கும். வெந்நீரில் பகட்டாக ஒளிர்ந்த குச்சி தன் செல்வத்தையெல்லாம் செலவிட்டு ஓய்ந்திருக்கும். பனிநீரில் கிடந்ததோ, எடுத்துச் சாதாரண நீரில் இட்டவுடன் புதிய தெம்புடன் ஒளி வீசும்.

குளிர்ந்த ஒளி என்று பெயர் பெற்ற ஒன்று, வெப்பத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இவ்வளவு கட்டுப்படுவது ஏன்? இக்கேள்விக்கு விடை காண மனித குலத்துக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு எனக்குச் சொந்தமான காரணம் ஒன்றும் உண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வகுப்பில் இரசாயன வினைகளின் வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். “வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்” என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அப்படியானால் மூலக்கூறுகள் இரு மடங்கு வேகமாக ஓடுகின்றனவா?” என்று கேட்டான். நான் சிறிதும் தயங்காமல் “ஆம்” என்றேன். அவன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். நான் சொன்னது தவறு. அது தவறென்று நான் உணர்ந்தபோது அவன் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடைக்கு இந்த உரையின் இறுதியில் வருகிறேன்.

முதலில் ஒளியின் கதையைப் பார்ப்போம். உளுத்த மரமும் கெட்டுப்போன மீனும் இருளில் ஒளிர்வதைப் பண்டைக் காலத்திலேயே மக்கள் கண்டிருந்தனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆயினும் பார்த்து வியப்பது ஒன்று, பரிசோதிப்பது மற்றொன்று. பரிசோதனைக்கு வழி வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் பாயில். 1667-ஆம் ஆண்டில் அவர் ஒளிரும் மரத்துண்டு ஒன்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் வைத்து, பம்பின் உதவியால் கலத்திலிருந்த காற்றை வெளியேற்றினார். காற்றுக் குறையக் குறைய மரத்தின் ஒளியும் மங்கியது. காற்றை மீண்டும் உள்ளே விட்டதும் ஒளியும் மீண்டது. கனன்று எரியும் கரித்துண்டையும் இவ்வாறே சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டுக்கும் காற்று வேண்டும். ஆனால் கரி சுடுகிறது, மரம் சுடவில்லை. பிராணவாயு என்ற ஒன்று உண்டென்று உலகம் அறிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, குளிர்ந்த ஒளியும் எரிதலைப் போன்ற ஒரு மாற்றத்தின் விளைவே என்பதற்கான முதல் தடயம் இவ்வாறு கிடைத்தது.

ஒளி ஒரு மாற்றத்தினால் வருகிறது என்றால், அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நிகழ்கிறது என்ற கேள்வி எழ வேண்டும். ஆனால் இரசாயன மாற்றங்களின் வேகத்தை அளக்கலாம் என்ற எண்ணமே நெடுங்காலம் எவருக்கும் தோன்றவில்லை. பால் வெயிலில் விரைவில் திரிகிறது, மாவு கோடையில் விரைவில் புளிக்கிறது என்பதை எல்லா நாட்டு இல்லத்தரசிகளும் அறிந்திருந்தனர். எத்தனை மடங்கு விரைவில் என்று எந்த அறிஞரும் கேட்கவில்லை.

அவ்வாறு கேட்டு, அளந்தும் காட்டியவர் லுட்விக் வில்ஹெல்மி என்னும் ஜெர்மானியர். ஆண்டு 1850. கரும்புச் சர்க்கரையை நீரில் கரைத்து அமிலம் சேர்த்தால், சர்க்கரை மெல்ல மெல்ல வேறு இருவகைச் சர்க்கரைகளாகப் பிரிகிறது. ஒரே தளத்தில் அதிரும்படி செய்யப்பட்ட ஒளியைச் சர்க்கரைக் கரைசலின் வழியே செலுத்தினால், அத்தளம் ஒரு கோணம் திரும்பும். சர்க்கரை மாற மாற அக்கோணமும் மாறும். ஆகவே கரைசலைத் தொடாமலேயே, கோணத்தை மட்டும் நோக்கி, எவ்வளவு சர்க்கரை எஞ்சியிருக்கிறது என்று கூறிவிடலாம். வில்ஹெல்மி இம்முறையால், எந்தக் கணத்திலும் மாற்றத்தின் வேகம் அக்கணத்தில் எஞ்சியுள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று நிறுவினார். வெப்பநிலையால் வேகம் கூடுவதையும் ஆராய்ந்தார். ஆனால் அவருடைய கட்டுரை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அடுத்து ஆக்ஸ்போர்டுக்குச் செல்வோம். அங்கே வெர்னன் ஹார்கோர்ட் என்ற இரசாயன அறிஞரும் வில்லியம் எஸ்ஸன் என்ற கணித அறிஞரும் கூட்டாக உழைத்தனர். அவர்களுடைய முடிவுகள் 1860-களில் வெளிவரத் தொடங்கின. அவர்கள் ஆராய்ந்த வினைகளுள் ஒன்று, ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஹைட்ரஜன் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிப்பது. அயோடின் சிறிதளவு தோன்றினாலும், கரைசலில் உள்ள ஸ்டார்ச்சு நீலமாகும். அளந்த ஒரு துளி தயோசல்பேட்டு இட்டால் நீலம் மறையும். வினை தொடர்வதால் சிறிது நேரத்தில் நீலம் மீண்டும் தோன்றும். நீலம் தோன்றும் நேரங்களை அவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பொறுமையாகக் குறித்தனர். உங்களுள் கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் ‘அயோடின் கடிகாரம்’ இதன் வழித்தோன்றலே. இங்கே ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் முதலில் பார்த்த ஒளிக்குச்சியில் அதை மீண்டும் சந்திப்போம்.

1884 முதல் 1889 வரையுள்ள ஐந்தாண்டுக் காலம் இந்த வரலாற்றின் பொற்காலம் எனலாம். 1884-இல் ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த வான்ட் ஹாஃப், இரசாயன மாற்றங்களின் வேகத்தைப் பற்றி ஒரு சிறந்த நூலை வெளியிட்டார். பத்து டிகிரி உயர்வுக்கு வேகம் இரு மடங்கு அல்லது மும்மடங்காகும் என்ற விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இது எல்லா வினைகளுக்கும் பொருந்தும் இயற்கை விதி அன்று; பல வினைகளுக்கு ஏறத்தாழப் பொருந்தும் கைக்கணக்கு. 1901-ஆம் ஆண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட இரசாயன நோபெல் பரிசு இவருக்கே கிடைத்தது.

அதே காலத்தில் பிரான்சு நாட்டில் ரஃபாயல் தூபுவா உயிரினங்களின் ஒளியை ஆராய்ந்தார். கல்லைக் குடைந்து வாழும் ஒருவகைச் சிப்பி இருளில் ஒளிரும். அதன் சாற்றைக் குளிர்ந்த நீரில் எடுத்தபோது, சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வெந்நீரில் எடுத்த சாறு தானாக ஒளிரவே இல்லை. ஒளி அணைந்த குளிர்நீர்ச் சாற்றையும், வெந்நீர்ச் சாற்றை ஆறவைத்தும் ஒன்றாகக் கலந்தார். மீண்டும் ஒளி பிறந்தது! இதிலிருந்து அவர் 1887-இல் ஒரு முடிவுக்கு வந்தார். ஒளிக்கு இரு பொருள்கள் வேண்டும். ஒன்று செலவழிந்து ஒளியைத் தருவது. அது சூட்டைத் தாங்கும். மற்றொன்று வினையைத் தூண்டும் நொதி. அது சூட்டில் அழியும். முதலாவதற்கு லூசிஃபெரின் என்றும் இரண்டாவதற்கு லூசிஃபெரேஸ் என்றும் பெயரிட்டார். மின்மினியின் ஒளியும் இவ்வாறே இத்தகைய இரு பொருள்களால் விளைவது. இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெப்பம் வினையை விரைவுபடுத்தும்; ஆனால் அளவு மிஞ்சினால் வினைக்குக் கருவியாக இருப்பதையே அழித்துவிடும்.

மறு ஆண்டு, 1888-இல், ஜெர்மானிய அறிஞர் ஐல்ஹார்ட் வீடெமான், சூடேறுவதால் மட்டும் வராத இத்தகைய ஒளிகளுக்கெல்லாம் ‘லூமினெசென்ஸ்’ என்று பொதுப் பெயர் சூட்டினார். கொல்லன் உலையில் இரும்பு முதலில் செந்நிறமாகவும், சூடு ஏற ஏற மஞ்சளாகவும் ஒளிர்வதைக் காண்கிறோம். அங்கே ஒளியின் நிறமே வெப்பநிலையைப் பொறுத்தது. குளிர்ந்த ஒளியில் அப்படியன்று. பச்சைக் குச்சி பனிநீரிலும் பச்சையே, வெந்நீரிலும் பச்சையே. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் என்பதைத்தான் வெப்பநிலை தீர்மானிக்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பது உள்ளே கரைந்துள்ள சாயம்.

1889-இல் ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஸ்வான்டே அர்ரீனியஸ், வில்ஹெல்மி தொடங்கிவைத்த அதே சர்க்கரை வினையை எடுத்துக்கொண்டு, என் மாணவன் கேட்ட கேள்விக்கே விடை தேடினார். கணக்கைப் பாருங்கள். வெப்பநிலையைத் தனிச் சுழியிலிருந்து, அதாவது சுழிக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து, அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தால் 27 டிகிரி என்பது 300. 37 டிகிரி என்பது 310. மூலக்கூறுகளின் சராசரி வேகம் இவ்வெண்களின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது. எனவே பத்து டிகிரி உயர்வால் மூலக்கூறுகளின் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஏறுவதில்லை. வினையின் வேகமோ இரு மடங்காகிறது. நூற்றுக்கு இரண்டு எங்கே, நூற்றுக்கு நூறு எங்கே? மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன என்ற விடை இவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்பாது.

அர்ரீனியஸ் கூறிய விடை இது: சர்க்கரை மூலக்கூறுகள் எல்லாம் எந்த நேரத்திலும் வினையில் ஈடுபடத் தகுதி பெற்றவை அல்ல, மிகச் சிலவே அத்தகுதியுடன் இருக்கின்றன. வெப்பம், அந்தத் தகுதி பெற்ற சிலரின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. பிற்காலத்து அறிஞர்கள் இக்கருத்தை மோதல்களின் மொழியில் விளக்கினர். ஜெர்மனியில் மாக்ஸ் டிராட்ஸ் 1916-இலும், இங்கிலாந்தில் வில்லியம் லூயிஸ் 1918-இலும், உலகப் போரின் காரணமாக ஒருவர் ஆராய்ச்சியை மற்றவர் அறியாமலே, ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்தனர். மூலக்கூறுகள் ஓயாது மோதிக்கொள்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவு சக்தியுடன் மோதுபவையே பழைய பிணைப்பை அறுத்துப் புதிய பிணைப்பைப் பெறுகின்றன. இக்குறைந்தபட்ச சக்தியைக் கிளர்வுகொள் ஆற்றல் என்பர்.

மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மெதுவாகவும் பல நடுத்தரமாகவும் மிகச் சில அதிவேகமாகவும் ஓடுகின்றன என்று மாக்ஸ்வெல் என்ற அறிஞர் 1860-இலேயே காட்டியிருந்தார். நம் விதியின் இரகசியம் அந்த ‘மிகச் சில’வற்றில் அடங்கியிருக்கிறது. இதை ஆசிரியனுக்குப் பழகிய உவமையால் சொல்கிறேன். பல்லாயிரவர் எழுதும் தேர்வொன்றில் சராசரி மதிப்பெண் 50 என்று வைத்துக்கொள்வோம். மறு ஆண்டு எல்லோரும் சற்று நன்றாக எழுதி, சராசரி 53 ஆகிறது. பெரிய மாற்றம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் 95-க்கு மேல் பெற்றவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். முன்னர் பத்தாயிரத்தில் பதின்மூவர் இருந்த இடத்தில், இப்போது இருபத்தைவர் இருக்கக்கூடும். சராசரி சிறிதே நகர்ந்தது. உச்சியில் இருப்போர் தொகை ஏறத்தாழ இரட்டித்துவிட்டது.

மூலக்கூறுகளின் உலகில் உச்சி இதைவிட மிக உயரமானது. 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் செல்லும்போது வேகம் இரட்டிக்கும் ஒரு வினையை எடுத்துக் கணக்கிட்டால், 27 டிகிரியில் ஆயிரம் கோடி மோதல்களுக்கு நான்கு அல்லது ஐந்து மோதல்களே போதிய சக்தி உடையவை. 37 டிகிரியில் அவை ஏறத்தாழ ஒன்பதாகின்றன. எஞ்சிய மோதல்கள் எல்லாம் பயனின்றிப் போகின்றன. வினையின் வேகம் அந்த ஒரு சில மோதல்களின் கையில் இருக்கிறது.

இனி, இந்த விதியைக் கண்ணால் காணச் செய்யும் ஒளிக்குச்சி பிறந்த கதைக்கு வருவோம். உயிரினங்களின் துணையின்றி, இரசாயனப் பொருள்களால் மட்டுமே பிரகாசமான குளிர்ந்த ஒளியைப் பெறும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1928-இல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்பவர் லூமினால் என்ற பொருளின் நீல ஒளியை விவரித்தார். 1963-இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த எட்வின் சான்ட்ராஸ், ஆக்ஸலில் குளோரைடு என்ற பொருளை ஹைட்ரஜன் பெராக்ஸைடுடனும் ஒளிரும் இயல்புடைய ஒரு சாயத்துடனும் கலந்து ஒளி பெறலாம் என்று வெளியிட்டார். அந்த ஒளி வலிமை குன்றியது. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ரௌஹட் தலைமையில் உழைத்த குழுவினர், குளோரைடுக்குப் பதிலாக ஆக்ஸலேட் எஸ்டர்களைப் பயன்படுத்தி, பன்மடங்கு பிரகாசமானதும் நெடுநேரம் நிற்பதுமான ஒளியைக் கண்டனர். அவர்களுடைய கட்டுரைகள் 1967 முதல் வெளிவந்தன. 1970-களில் ஒளிக்குச்சி மக்கள் கைக்கு வந்தது.

அதன் அமைப்பு எளியது. வெளிக்குழாயில் ஆக்ஸலேட் எஸ்டரும் சாயமும் கரைந்த திரவம் இருக்கிறது. அதனுள்ளே ஒரு மெல்லிய கண்ணாடிக் குப்பியில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு இருக்கிறது. வளைக்கும்போது ‘டிக்’ என்று முறிவது அந்தக் குப்பியே. இரண்டும் கலந்து வினை புரியும்போது, நிலையற்ற ஓர் இடைப்பொருள் தோன்றுகிறது. அது சிதையும்போது வெளிப்படும் சக்தியைச் சாய மூலக்கூறு ஏற்றுக் கிளர்ச்சியுற்று, பிறகு அதனை ஒளியாக உமிழ்ந்து அமைதி அடைகிறது. தீப்பொறி எழாததால், எரிவாயு கசியும் இடங்களிலும் கவிழ்ந்த வாகனங்களின் அருகிலும் இவ்விளக்கை அஞ்சாது பயன்படுத்தலாம். கடலில் தத்தளிப்போர்க்கும், நீருக்கடியில் மூழ்கிப் பணி செய்வோர்க்கும் இது துணையாகிறது.

இப்போது நம் மூன்று பாத்திரங்களுக்குத் திரும்புவோம். ஒவ்வொரு குச்சியிலும் வினைப் பொருள் குறிப்பிட்ட அளவே உண்டு. ஆகவே அது தரக்கூடிய மொத்த ஒளியும் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டதே. வெந்நீரில் தகுதி பெற்ற மோதல்கள் மிகுகின்றன. விநாடிதோறும் வெளிப்படும் ஒளி மிகுகிறது. சேமிப்பு விரைவில் கரைகிறது. 27 டிகிரியில் ஒரு குச்சி 8 மணி நேரம் ஒளிரும் என்றும், பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்றும் கொண்டால், 37 டிகிரியில் அது 4 மணி நேரமே நிற்கும். 17 டிகிரியில் 16 மணி நேரம் நிற்கும். உண்மைக் குச்சிகளில் இக்கணக்கு முன்பின்னாகலாம்; போக்கு இதுவே. குளிர்காலக் கடலிலோ பனிமலையிலோ குச்சியை எடுத்துச் செல்வோர் அதன் ஒளி மங்கும் என்பதை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். அங்கே பளிச்சென்ற ஒளி தேவைப்பட்டால், குச்சியைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் சிறிது வெதுவெதுப்பாக்கலாம். குச்சியை நெருப்பில் காட்டுவதும், கொதிநீரில் இடுவதும், அறுத்துப் பார்ப்பதும் கூடா. உள்ளே கண்ணாடித் துண்டுகள் உள்ளன. திரவமும் கண்ணில் பட்டால் தீங்கு செய்யும்.

குளிர் வினையை அழிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. இந்த ஒரு செய்தியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த பால் கெடாமல் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது கெடுவதை நாம் ஒத்திவைத்திருக்கிறோம். வெளியே எடுத்து வைத்தவுடன் விட்ட இடத்திலிருந்து மாற்றம் தொடர்கிறது. தடுப்பு மருந்துகளை உற்பத்தி நிலையத்திலிருந்து கிராமத்து மருத்துவமனை வரை இடைவிடாத குளிரில் கொண்டுசெல்வதும் இதனாலேயே. வழியில் ஓரிடத்தில் சில மணி நேரம் வெயிலில் கிடந்த மருந்தை மீண்டும் குளிரில் வைத்தால், இழந்த வீரியம் திரும்பி வராது. ஒளிர்ந்து தீர்ந்த குச்சியைப் பனிக்கட்டியில் வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாதது போலத்தான் இதுவும்.

அன்று அந்த மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “தம்பி, மூலக்கூறுகள் இரு மடங்கு வேகமாக ஓடவில்லை. அவற்றின் ஓட்டம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிகவில்லை. ஆனால் எல்லையைத் தாண்ட வல்லவை இரு மடங்காகிவிட்டன” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அல்லது, “எனக்குத் தெரியவில்லை; நாளைக்குப் படித்து வந்து சொல்கிறேன்” என்றாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. அவன் எங்கிருந்தாலும் இதைக் கேட்க நேர்ந்தால், தன் பழைய குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை அடித்துத் திருத்திக்கொள்ளட்டும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் அதுவே. ஆசிரியர் சொல்லும் விதியை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பின், அவ்விதியில் உள்ள எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துவராவிட்டால் எழுந்து கேளுங்கள். ஒரு தடவைக்கு இரு தடவை கேளுங்கள்.